எதற்காகச் சோதிக்கிறோம் என்பதை முதலில் எழுதுங்கள்: எங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்ப முடிவுக் குழுவினருக்கு,

நம் ஜவுளி, மளிகைக் கிளைகளின் தகவல்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து ரிப்போர்ட் தரும் டேட்டா வேர்ஹவுஸைப் புதிதாக வாங்க மூன்று தயாரிப்புகளைச் சோதிக்கப் போகிறோம், ஆடியில் வேலை தொடங்கும், தீபாவளிக்கு முன்னால் முடிவு வந்துவிடும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். எந்தெந்த வெண்டர், யார் யார் டெமோ காட்ட வருகிறார்கள், எங்கள் டீமில் யாரையெல்லாம் இதற்கு ஒதுக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. இப்போது இருக்கிற வேர்ஹவுஸில் நமக்கு என்ன கஷ்டம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், இந்தச் சோதனையில் இப்போது இறங்கத்தான் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களிடம் யாரும் வரவும் இல்லை.

இதை உள்ளுக்குள்ளேயே எழுதிக் கேட்டுப் பார்த்தேன். கமிட்டி முடிவு செய்துவிட்டது என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. அதனால்தான் நிறுவனத்தின் பெயரோ யாருடைய பெயரோ சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன். வேறு இடங்களில் இதே வேலையைப் பார்க்கிறவர்களும் இதே நிலையில் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

கமிட்டியில் எல்லோரும் வேர்ஹவுஸைத் தினமும் தொடுகிறவர்கள் இல்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இரவு கடை அடைத்த பிறகு ஒவ்வொரு கிளையின் பில்லிங்கிலிருந்தும் அன்றைய பில்கள் வருகின்றன. குடோன் ஸ்டாக், கொள்முதல், ரிட்டர்ன், ஆன்லைன் ஆர்டர் எல்லாம் அதோடு சேர்கின்றன. விடிவதற்குள் எல்லாவற்றையும் கோத்து முடித்தால்தான், எந்தக் கிளையில் எந்த ரகம் ஓடுகிறது, எது தேங்கி நிற்கிறது என்று காலையில் கொள்முதல் பிரிவுக்குத் தெரியும். அக்கவுண்ட்ஸுக்கு மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்), 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்) போக வேண்டும். இத்தனையும் செய்தும், சுருக்கி வைத்த நிலையில் நம் மொத்த டேட்டா இரண்டு டெராபைட்டைத் தாண்டவில்லை. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேர்ஹவுஸை மாற்றுவது நமக்குப் புதிது இல்லை. முதலில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் இருந்தது. பிக் டேட்டா என்று ஊரெல்லாம் பேசிய காலத்தில் பல கணினிகளைச் சேர்த்துப் பெரிய டேட்டாவைக் கையாளும் ஹடூப் கிளஸ்டர் போட்டோம். அப்போது ஹடூப் விற்ற பெரிய கம்பெனிகள் என்றால் கிளவுடெரா, ஹார்ட்டன்வொர்க்ஸ், மேப்ஆர். முதல் இரண்டும் ஒன்றாகச் சேரப்போவதாக 2018 அக்டோபரில் அறிவித்தன. மேப்ஆரை 2019-ல் ஹெச்பிஇ (ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) வாங்கிக்கொண்டது. நாம் யாரிடம் வாங்கினோம் என்பது இங்கே முக்கியமில்லை, நாம் பாதி டேபிள்களைக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் அந்தத் தொழிலே வேறு பக்கம் திரும்பிவிட்டது என்பதுதான் முக்கியம். அப்புறம் கிளவுடு வந்தது. அங்கேயும் பெரும்பகுதி போனது, மிச்சம் போகவில்லை. இன்றைக்கு மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, மூன்றுக்கும் பணம் கட்டுகிறோம், ஒரு எண் தப்பாக வந்தால் மூன்று இடத்திலும் தேடுகிறோம்.

அந்த மிச்சம் ஏன் போகவில்லை என்று யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் இந்தச் சுற்றறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். தைத்த ஆடைகளுக்கு ஜிஎஸ்டி ஒரே விகிதம் கிடையாது. முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அந்தத் தேதிக்கு முன்னால் பில் போட்ட சட்டை அதற்குப் பின்னால் திரும்பி வந்தால் எந்த விகிதத்தில் கழிக்க வேண்டும், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்தபோது எந்த விலையை வைத்து வரம்பைப் பார்க்க வேண்டும், ஆன்லைன் கூப்பன் தள்ளுபடியை எங்கே கழிப்பது, இதற்கெல்லாம் விடை நம்மிடம் ஒரு நீளமான க்வெரிக்குள் (டேட்டாபேஸிடம் விடை கேட்க எழுதும் கட்டளை) இருக்கிறது. எழுதியவர் இப்போது நிறுவனத்தில் இல்லை. தனியாக எழுதி வைத்த குறிப்பும் இல்லை. 2017 ஜூலைக்கு முந்தைய வாட் கணக்கு இன்னொரு கதை, அதற்காகத்தான் பழைய சர்வரை இன்னும் நிறுத்த முடியாமல் வைத்திருக்கிறோம். புது இடத்துக்குப் போவதென்றால் இந்த மாதிரிக் க்வெரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, திரும்ப எழுதி, பழைய விடையோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று அக்கவுண்ட்ஸோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். சில வாரங்களில் மைக்ரேஷன் முடித்துத் தருகிறோம் என்று வெண்டர் சொல்வது டேபிள்களை நகர்த்துவதைப் பற்றி. நமக்கு நேரம் பிடிப்பது இந்த வேலைதான்.

சரி, இப்போது இருப்பதில் குறையே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. வேர்ஹவுஸ் ஸ்லோ என்று கிளை மேலாளர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று நாங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். காலை ரிப்போர்ட் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம், சில கிளைகளிலிருந்து பில்லிங் ஃபைல் நேரத்துக்கு வந்து சேராததுதான். நெட் விட்டுப் போயிருக்கும், அல்லது கணக்கு முடிக்காமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த ஃபைலுக்காகக் கடைசி வரை காத்திருக்கும் இரவு லோடு (டேட்டாவை ஏற்றும் வேலை), உலகத்தின் எந்த வேர்ஹவுஸிலும் அதே நேரத்துக்குத்தான் முடியும். ஒரே ரகச் சேலையை ஒரு கிளை ஒரு பொருள் கோடிலும் (குறியீட்டு எண்) இன்னொரு கிளை வேறு கோடிலும் பதிந்திருந்தால், எவ்வளவு வேகமான வேர்ஹவுஸ் எஞ்சினும் அதை இரண்டு சேலையாகத்தான் கூட்டும். பில் டேபிள் தேதிவாரியாகப் பிரிக்கப்படாததால், நேற்றைய விற்பனையைக் கேட்டால் பல வருட பில்லையும் புரட்டுகிறது. யாருமே திறந்து பார்க்காத டேஷ்போர்டுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொண்டு, பார்க்கிறவர்களின் க்வெரியை வரிசையில் நிறுத்துகின்றன.

இதையெல்லாம் சரி செய்ய எங்களுக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டபோது பட்ஜெட் இல்லை என்றீர்கள். அதைவிடப் பல மடங்கு செலவாகும் ஒரு வேலைக்கு இப்போது பட்ஜெட் வந்திருக்கிறது. இதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எஞ்சினை மாற்றினால் மட்டுமே தீரக்கூடிய குறையும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆடித் தள்ளுபடி சனிக்கிழமை மாலையில் எல்லாக் கிளை மேலாளர்களும் ஒரே நேரத்தில் ஸ்டாக் பார்க்கும்போது இப்போதிருக்கிற வேர்ஹவுஸ் திணறுகிறது. தி.நகர் கிளையில் தீர்ந்துபோன சைஸ் தாம்பரம் கிளையில் இருக்கிறதா என்று அதே நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்கிறது. இரவில் ஒருமுறை லோடு ஆகும் அமைப்பால் அதைச் சொல்ல முடியாது. இந்த இரண்டும் நியாயமான தேவைகள். மேலே சொன்னவற்றைச் சரிசெய்த பிறகும் இவை தீரவில்லை என்றால், புதிதாக ஒன்றைச் சோதிப்பதற்கு அதுவே போதுமான காரணம், நானே முதல் ஆளாக வந்து நிற்பேன். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லையே.

அதில் இருப்பது "பத்து மடங்கு வேகம்" என்ற வெண்டரின் ஸ்லைடு. இந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் டிபிசி-டிஎஸ் என்ற சோதனையை ஒட்டி வருகின்றன. கடை, கேட்டலாக், இணையம் என்று மூன்று வழியிலும் விற்கும் ஒரு கற்பனை வியாபாரத்தின் டேட்டாவை உருவாக்கி, அதன்மேல் 99 க்வெரிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். நாமும் கடை வைத்திருப்பவர்கள்தானே, நமக்குப் பொருந்தும் என்று தோன்றலாம். 2021 நவம்பரில், இந்த மாதிரி வேர்ஹவுஸ் விற்கும் டேட்டாபிரிக்ஸ் என்ற கம்பெனி இந்தச் சோதனையில் 100 டெராபைட் அளவில் சாதனை படைத்ததாக அறிவித்து, போட்டிக் கம்பெனியான ஸ்னோஃப்ளேக்கைவிடத் தாங்கள் வேகம், மலிவு என்று ஒரு ஒப்பீட்டையும் வெளியிட்டது. அந்த ஒப்பீட்டை ஸ்னோஃப்ளேக்கின் நிறுவனர்கள் வெளிப்படையாகவே மறுத்து, தங்கள் எண்களைக் காட்டினார்கள். டேட்டாபிரிக்ஸ் அதற்கும் பதில் சொன்னது. உலகத்திலேயே இந்தத் துறையை ஆழமாக அறிந்த பொறியாளர்கள் ஒரே 99 க்வெரிகளை வைத்துக்கொண்டு இரண்டு விடைக்கு வந்தார்கள் என்றால், நம் முன் வைத்த ஸ்லைடில் இருக்கும் ஒற்றை எண்ணை வைத்து நாம் என்ன முடிவுக்கு வர முடியும்?

2024-ல் அமேசான் ஆட்களும் சேர்ந்து எழுதிய ஒரு ஆய்வு வந்தது. அமேசானின் வேர்ஹவுஸான ரெட்ஷிஃப்டை வாடிக்கையாளர்கள் நிஜத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு, டிபிசி சோதனைகள் அதைக் காட்டப் போதாது என்று சொன்னது. நிஜத்தில் ஒரே க்வெரி திரும்பத் திரும்ப ஓடுகிறது, டேட்டாவை எழுதும் வேலை நிறைய நடக்கிறது, எண்களைவிட எழுத்துகளாகச் சேமித்த தகவல் அதிகம். எங்கள் க்வெரிகளின் பதிவைத் (லாக்) திறந்து பார்த்தால் அச்சு அசலாக இதுதான். நம் கடைக்கு வருகிறவர்கள் சேலையைப் பிரித்து, தோளில் போட்டு, வாசல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கோடிக்கணக்கில் செலவாகும் ஒன்றை நாம் மட்டும் வெண்டர் கொண்டுவந்த டேட்டாவில், வெண்டர் எழுதிய க்வெரியில் பார்த்துவிட்டு வாங்க வேண்டுமா?

இன்னொன்றும் கவனியுங்கள். 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டிவிட்டும் அவருடைய குழுவும் டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு ஆரக்கிளுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான், அனுமதி இல்லாமல் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை லைசன்ஸ்களில் நுழைந்தது, இன்றும் அதற்கு டிவிட் பெயர்தான். 2021 சண்டையின்போது டேட்டாபிரிக்ஸ் தன் ஒப்பந்தத்திலிருந்து அதை நீக்கியது. எல்லோரும் நீக்கவில்லை. நீங்கள் கையெழுத்திடப் போகும் ட்ரையல் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று சட்டப் பிரிவு பார்த்ததா?

செலவு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "பயன்படுத்திய அளவுக்கு மட்டும் பணம்" என்பதைக் கேட்டு ஃபைனான்ஸில் பலருக்கும் மகிழ்ச்சி. அது உண்மைதான், ஆனால் எதைப் பயன்பாடு என்று கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்னோஃப்ளேக்கில் கணினி விழித்தெழும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம், அப்புறம் விநாடிக் கணக்கு. முதல் தலைமுறை வகையில் மிகச் சிறிய அளவு என்றால் மணிக்கு ஒரு கிரெடிட் (அவர்களுடைய கட்டண அலகு), ஒவ்வொரு அளவு ஏறும்போதும் இரட்டிப்பு. வேலை இல்லாமல் பத்து நிமிடம் இருந்தால் தூங்கட்டும் என்று வைத்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நம் டேஷ்போர்டு, ஏற்கெனவே சேமித்த விடையையே எடுத்துக் காட்டாத வரை, அதைத் தூங்கவே விடாது. மிகச் சிறிய அளவிலேயே 30 நாளைக்கு 720 கிரெடிட், மீடியம் என்றால் 2,880, யாருமே பார்க்காத ஒரு திரைக்காக. கூகுளின் வேர்ஹவுஸான பிக்க்வெரியின் வழக்கமான கட்டண முறையில் க்வெரி எத்தனை பைட் படிக்கிறது என்பதுதான் கணக்கு. பத்து வரி மட்டும் காட்டு என்று கடைசியில் லிமிட் போட்டால் சாதாரண டேபிளில் கட்டணம் குறையாது, கேட்ட நெடுவரிசைகள் முழுவதையும் படித்ததாகத்தான் கணக்கு. நம்மிடம் எல்லா நெடுவரிசைகளையும் கேட்டுப் பழகிய ரிப்போர்ட்டுகள் எத்தனை இருக்கின்றன தெரியுமா? இப்போதைய வேர்ஹவுஸில் அந்தப் பழக்கத்தால் ரிப்போர்ட் மெதுவாகிறது. அங்கே போனால் அதே பழக்கம் பில்லில் வந்து நிற்கும்.

வெண்டர் டெமோவில் ஒருபோதும் வராத சங்கதிகள்தான் எங்களை ராத்திரியில் எழுப்புகின்றன, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பழைய டேட்டாபேஸில் பில் எண் ஒரே ஒருமுறைதான் வரலாம் என்று சொல்லி வைத்தால், இரண்டாவது முறை வருவதை அது உள்ளேயே விடாது. ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக், பிக்க்வெரி போன்றவற்றில் வழக்கமான டேபிள்களுக்கு அந்த விதியை எழுதி வைக்கலாம், ஆனால் அவை அதை அமல்படுத்துவதில்லை. இதை ஆவணங்களில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. நம்முடைய கிளவுடு மைக்ரேஷனை அவசரப்படுத்திய நாட்களில் இதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் தரப்படவில்லை. ஒரு கிளையின் ஃபைல் இரண்டு முறை லோடு ஆனது, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அந்தக் கிளையில் வேட்டி விற்பனை இரட்டிப்பாகத் தெரிந்தது. பொங்கலுக்கு முன்னால் அந்த எண்ணை நம்பி ஈரோட்டில் கூடுதலாக ஆர்டர் போட்டார்கள். பொங்கல் முடிந்து குடோனில் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்த கொள்முதல் பிரிவு அண்ணன் ஒருவர், அதன் பிறகு வேர்ஹவுஸ் எண்ணை நம்பாமல் இன்றுவரை கிளைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் ஆர்டர் போடுகிறார். அவரிடம் போய்ப் புது வேர்ஹவுஸ் பத்து மடங்கு வேகம் என்று எப்படிச் சொல்வது?

தமிழில் இருக்கும் பொருள் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசைக்கு 30 என்று நீளம் கொடுத்தால் அது 30 எழுத்துக்குறி. ரெட்ஷிஃப்டில் அது 30 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும், புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் குறி. "பொன்னி அரிசி" என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்தும் ஒரு இடைவெளியும். அங்கே அது 34 பைட், 30-ல் அடங்காது. நம் மளிகைப் பிரிவின் பொருள் பட்டியல் முழுக்க இப்படித்தான். போதாக்குறைக்கு, "பொ"-வில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் எஞ்சினுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் டேட்டா வைத்துக் காட்டும் டெமோவில் இது எப்படி வெளியே வரும்?

7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால், இரண்டும் முழு எண்ணாக இருக்கும்போது, போஸ்ட்கிரெஸும் ரெட்ஷிஃப்டும் 3 என்கின்றன. ஸ்னோஃப்ளேக்கும் பிக்க்வெரியும் 3.5 என்கின்றன. திருப்பூரிலிருந்து வரும் பனியனைக் கட்டுக் கணக்கில் பிரிக்கும் நம் க்வெரிகள் எல்லாம் 3 வரும் என்று நம்பி எழுதியவை. நேரமும் அப்படித்தான். பிக்க்வெரியும் ரெட்ஷிஃப்டும் சொல்லாவிட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஸ்னோஃப்ளேக்கில் இயல்பாக இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் நேரம். யுடிசியில் நம் அதிகாலை ஐந்தரை மணி வரைக்கும் முந்தைய தேதிதான். நள்ளிரவு தாண்டி வரும் ஆன்லைன் ஆர்டர் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும், அது மாதத்தின் முதல் தேதி என்றால் வேறு மாதத்து ஜிஎஸ்டியில் விழும். இவை எல்லாமே தீர்க்கக்கூடியவைதான். தீர்க்க ஆளும் நாளும் வேண்டும், அவற்றைக் கேட்டுப் பெற முடியாத ஒரு கால அட்டவணையை எங்கள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆடியும் தீபாவளியும் நம் வருட வியாபாரத்தின் உயிர்நாடி. அந்த மாதங்களில் இரவு லோடு நின்றால் எழுந்து பார்ப்பதற்கு எங்கள் டீமில் இருப்பவர்கள் ஐந்து பேர், அதில் மூன்று பேரைச் சோதனைக்கு எடுக்கிறீர்கள். மிச்சம் இரண்டு பேரில் ஒருவர் சேர்ந்து சில மாதம்கூட ஆகாத தம்பி. தீபாவளி வாரத்தில் ஸ்டாக் தப்பாகத் தெரிந்தால் அதற்குப் பதில் சொல்லப்போவது அந்தத் தம்பியா, கமிட்டியா?

எதையுமே மாற்றக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதிக்காமலே இருந்தாலும் ஆபத்து உண்டு. கிரீன்பிளம் என்ற வேர்ஹவுஸ் மென்பொருளை 2015-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டபோது எத்தனையோ பேர் அதை நம்பித் தங்கள் வேர்ஹவுஸைக் கட்டினார்கள். 2024-ல் அதன் பொதுக் களஞ்சியங்கள் மூடப்பட்டன, மேம்பாடு பொதுப் பார்வையிலிருந்து போய்விட்டது. அந்த நிலையில் இருக்கிறவர்கள் மாற்று எது என்று பார்த்தே ஆக வேண்டும். சப்போர்ட் முடிகிற தேதி தெரிந்துவிட்டால், வியாபாரத்தைவிட வேகமாக வேர்ஹவுஸ் செலவு ஏறினால், வியாபாரத்துக்குத் தேவையான ஒரு கேள்விக்கு இருப்பதை வைத்து எப்படியும் பதில் தர முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் சோதிக்கத்தான் வேண்டும். இந்த மூன்றில் எது இப்போது நமக்கு நடந்திருக்கிறது? போட்டிக் கடை மாற்றிவிட்டது என்பது காரணம் ஆகாது, அவர்கள் டேட்டா அளவும் வேறு, ஆள் பலமும் வேறு.

அளவு என்றதும், முன்னால் சொன்ன இரண்டு டெராபைட்டுக்கு வருகிறேன். பிக்க்வெரியை உருவாக்கிய தொடக்கப் பொறியாளர்களில் ஒருவரான ஜோர்டான் டிகானி 2023-ல் எழுதினார், வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலானோரின் மொத்த டேட்டா ஒரு டெராபைட்டுக்கும் குறைவு என்று. அவர் இப்போது டக்டிபி என்ற சிறிய டேட்டாபேஸை வைத்துத் தொழில் செய்கிறவர், அதனால் அவருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து 2024 ஜூனில் 1.0 பதிப்பு கண்ட அந்த டக்டிபி இலவசம், ஒரு லேப்டாப்பில் ஓடும். நம் ஒரு வருட பில் டேட்டாவைப் பார்க்கெட் என்ற திறந்த வடிவ ஃபைலாக எடுத்து, மெதுவாக ஓடுவதாகச் சொல்லப்படும் ரிப்போர்ட்டுகளை அதில் ஓட்டிப் பார்த்தால், குறை எஞ்சினிலா நம் க்வெரியிலா என்பது ஒப்பந்தம், வெண்டர், கமிட்டி எதுவும் இல்லாமலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தச் சின்னச் சோதனைக்குக்கூட அனுமதி கேட்டுக் காத்திருக்கிறோம்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். மறுபடி அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்தக் கேள்விக்கு இன்று பதில் கிடைக்கவில்லை, யாருக்குக் கிடைக்கவில்லை, அதனால் வியாபாரத்தில் என்ன நஷ்டம். அதில் கொள்முதல், விற்பனை, அக்கவுண்ட்ஸ் பிரிவுத் தலைவர்கள் கையெழுத்திடட்டும். அந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் சோதனையும் வேண்டாம்.

பில் டேபிளைத் தேதிவாரியாகப் பிரிக்கவும், பார்க்காத டேஷ்போர்டுகளை நிறுத்தவும், கிளை ஃபைல்கள் நேரத்துக்கு வருவதற்கான பொறுப்பைக் கிளை நிர்வாகத்திடம் ஒப்படைக்கவும், பொருள் கோடுகளை ஒழுங்குபடுத்தவும் எங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஆடி தொடங்கி தீபாவளி முடியும் வரை டீமிலிருந்து ஒருவரையும் எடுக்காதீர்கள்.

அதன் பிறகும் சோதனை தேவை என்று ஆனால், மூன்றை ஒன்றாக வேண்டாம், ஒன்றே ஒன்றை எடுத்து இப்போது இருப்பதோடு ஒப்பிடுவோம். நம் டேட்டா, தமிழ்ப் பெயர்களோடு. நம் க்வெரிகள், அந்த ஜிஎஸ்டி க்வெரி உட்பட. ஒரு மாதக் கடைசியும் ஒரு ஆடிச் சனிக்கிழமை மாலையும் அப்படியே திரும்ப ஓட வேண்டும். எந்த எண் வந்தால் மாறுவோம், எது வந்தால் மாற மாட்டோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இருப்பதிலேயே இருப்போம் என்ற முடிவும் சரியான முடிவாக ஏற்கப்படும் என்று எழுத்தில் வேண்டும்.

கமிட்டியில் எங்கள் டீமிலிருந்து இருவருக்கும், அக்கவுண்ட்ஸிலும் கொள்முதலிலும் தினமும் ரிப்போர்ட் பார்க்கிறவர்களில் தலா ஒருவருக்கும் இடம் கொடுங்கள், ஓட்டோடு. வேட்டி ஆர்டர் போட்ட அந்த அண்ணனை அவசியம் கூப்பிடுங்கள்.

குறைந்தபட்சத் தொகைக்கு உறுதி கொடுக்கும் எந்த ஒப்பந்தத்திலும் சோதனை முடியும் வரை கையெழுத்திடாதீர்கள். வெளியேறுவதற்கு என்ன செலவு, சோதனை முடிவுகளை நாம் வெளியில் சொல்லலாமா என்பதைச் சட்டப் பிரிவு முதலில் படிக்கட்டும். எதை வாங்கினாலும் மூல டேட்டா பார்க்கெட், ஐஸ்பெர்க் போன்ற திறந்த வடிவத்தில் நம் சொந்தச் சேமிப்பில் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள்.

இப்போது ஓடும் மூன்றில் ஒன்றையாவது முழுவதுமாக நிறுத்தி, அதன் பில் வருவது நின்ற பிறகுதான் நான்காவதைப் பற்றிப் பேச வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று முதல் டெமோ நடக்கும் முன் டீம் முழுவதற்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டேட்டா டீமிலிருந்து ஒருவர்